தரவைக் காப்பவருக்கு ஆராய்ச்சியில் என்ன இடம்?

2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதி டேவிட் பேக்கருக்குப் போனது; கணினியில் புதுப் புரதங்களை வடிவமைத்ததற்காக. மறுபாதியை டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்ப்பரும் பகிர்ந்துகொண்டார்கள். அமினோ அமில வரிசையை மட்டும் கொடுத்தால் புரதம் எப்படி மடிந்து நிற்கும் என்று கணித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டு அவர்களுடையது. அதற்குப் பிறகு கணினி உயிரியல் பற்றி வரும் வேலைவாய்ப்புக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒன்றையே சொல்கின்றன: செயற்கை நுண்ணறிவைக் கற்றுக்கொள், கொஞ்சம் உயிரியலும் சேர்த்துப் படி, எதிர்காலம் உன் கையில். எனக்கு இந்த அறிவுரையில் உடன்பாடு இல்லை. தரவை நம்பி நடக்கும் உயிரியலில் இன்று கணிப்பு முறைகளுக்குப் பஞ்சம் இல்லை. தரவைச் சேர்த்து, சரிபார்த்து, ஒரே முறையில் எழுதி, இருபது முப்பது ஆண்டுகள் கெடாமல் வைத்திருக்கும் ஆட்களுக்குத்தான் பஞ்சம். அவர்கள் செய்வதும் ஆராய்ச்சிதான். ஆனால் ஆராய்ச்சி உலகின் பதவி ஏணியில் அவர்கள் கால் வைக்கப் படி கிடையாது. அந்தப் படியை அமைக்காமல் இந்தத் துறைக்கு இளைஞர்களை அழைப்பது நியாயம் இல்லை என்பதுதான் இந்தப் பதிவின் வாதம்.

ஆல்ஃபாஃபோல்டு எதைப் படித்துத் தேறியது என்பதிலிருந்து தொடங்குவோம். புரதத் தரவு வங்கி என்று ஒன்று உண்டு, துறையினர் பி.டி.பி. என்பார்கள். 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் வால்டர் ஹாமில்டன் அதைத் தொடங்கியபோது அதில் இருந்தவை ஏழே ஏழு புரதக் கட்டமைப்புகள். ஒரு புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் பாய்ச்சி, அணு அணுவாக இடம் குறித்து முடிக்க அந்தக் காலத்தில் பல ஆண்டுகள் ஆகும். அப்படிப் பாடுபட்டுப் பெற்ற எண்களை எல்லாருக்கும் எடுத்துக் கொடுக்கப் பலருக்கு மனம் வரவில்லை. கட்டுரையை வெளியிட்டுப் பெயர் வாங்கிக்கொண்டு, அணுக்களின் இடம் குறித்த எண்களைத் தம்மிடமே வைத்துக்கொள்வது 1980களில் சாதாரணமாக நடந்தது. இதை மாற்ற அறிவியலாளர்களே கையெழுத்து திரட்டினார்கள். 1989இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் நெறிமுறை வகுத்தது. பிறகு இதழ்கள் ஒவ்வொன்றாக, பி.டி.பி. எண் இல்லாத கட்டுரையை ஏற்க முடியாது என்றன. தரவைப் பகிர்வது அறிவியலின் இயல்பு என்று இன்று எளிதாகச் சொல்கிறோம். அந்த இயல்பை உண்டாக்க இருபது ஆண்டுக்கு மேல் வாதாட வேண்டியிருந்தது. 2020இன் இறுதியில் ஆல்ஃபாஃபோல்டு உலகை வியக்க வைத்தபோது வங்கியில் ஏறத்தாழ 1,70,000 கட்டமைப்புகள் இருந்தன. அவைதான் அதற்குப் பாடம்.

எண்ணிக்கையை விட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த எண்களை எழுதிவைத்த முறை. பி.டி.பி.யின் பழைய கோப்பு வடிவம் துளையட்டைக் காலத்தது. ஒரு வரிக்கு 80 எழுத்து. அணுவுக்கு வரிசை எண் எழுத ஐந்து இலக்கம்தான் இடம் உண்டு என்பதால் ஒரு கோப்பில் 99,999 அணுவுக்கு மேல் எழுத வழியில்லை. புரதங்கள் சிறியவையாக இருந்தவரை அது போதும். ரைபோசோம் போன்ற பெரிய மூலக்கூறுகள் வந்தபோது போதவில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் கேம்பிரிட்ஜ் குழு 2006இல் முழு ரைபோசோமின் கட்டமைப்பை வெளியிட்டபோது, அதைத் துண்டு துண்டாகப் பல கோப்புகளில், பல எண்களில்தான் பதிய முடிந்தது. கணினிக்கு அவை தனித்தனிப் பொருள்கள். புதிய கோப்பு வடிவத்தைப் பல ஆண்டுகள் செப்பனிட்டு, 2014இல்தான் இப்படிச் சிதறிக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக ஒரே கோப்பில் சேர்த்தார்கள். இடையில் பழைய பதிவுகளில் அணுப் பெயர்கள், மூலக்கூறுப் பெயர்கள், வரிசை எண்கள் எல்லாவற்றையும் ஒரே விதிக்குக் கொண்டுவரும் திருத்த வேலையும் நடந்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெலன் பெர்மன் 1998 முதல் இந்த வங்கியை வழிநடத்தினார். 2003இல் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் மூன்றும் சேர்ந்து ஒரே உலக வங்கியாக அதை நடத்த வழி செய்தார். அவர் பெயரையாவது துறையில் பலர் அறிவார்கள். அவரோடு அமர்ந்து பதிவு பதிவாகச் சரிபார்த்தவர்களின் பெயர் துறைக்குள்ளேயே தெரியாது.

பி.டி.பி. மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆல்ஃபாஃபோல்டு ஒரு புரதத்தைக் கணிக்கும் முன் அதன் உறவுப் புரதங்களைப் பல கோடி வரிசைகளில் தேடி ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்கிறது. அந்தத் தேடலுக்குக் கருவி, ஷான் எடி 1990களிலிருந்து எழுதியும் பராமரித்தும் வரும் ஹெச்.எம்.எம்.ஈ.ஆர். என்ற இலவச மென்பொருள்; கூடவே யோஹானஸ் சோடிங் குழுவின் கருவி. வெற்றி தோல்வியை எப்படி அளந்தார்கள்? ஜான் மோல்ட்டும் கிறிஸ்டோஃப் ஃபிடெலிஸும் 1994இல் தொடங்கி இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்திவந்த காஸ்ப் என்ற போட்டியில்தான். இன்னும் வெளியிடாத கட்டமைப்புகளை ஆய்வாளர்களிடம் கேட்டு வாங்கி, விடையை மறைத்து வைத்துக் கேள்வியாகக் கொடுக்கும் தேர்வு அது. கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தத் தேர்வை நேர்மையாக நடத்தியிருக்காவிட்டால், 2020இல் வந்த முடிவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நோபல் பெற்றவர்களின் தகுதியில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. அதே கணிப்பு முறையை வேறு எதன் மேல் ஏவியிருந்தாலும் இந்த விளைவு வந்திருக்காது என்பதைத்தான் சொல்கிறேன். உயிரியலில் இன்னும் விடை கிடைக்காத எத்தனையோ கேள்விகளுக்கு இப்படி ஐம்பது ஆண்டு பேணிய தரவு கிடையாது.

இந்த வேலையைச் செய்தவர்களுக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதற்கு மார்கரெட் டேஹாஃபின் வாழ்க்கை ஒரு சான்று. 1965இல் அவர் தம் குழுவினரோடு, அதுவரை தெரிந்த 65 புரதங்களின் வரிசைகளை இதழ்களிலிருந்து திரட்டி ஒரு நூலாக வெளியிட்டார். அமினோ அமிலம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து என்று இன்று உலகம் முழுவதும் எழுதும் முறை அவர் தந்தது. இரண்டு புரதங்கள் எவ்வளவு நெருங்கிய உறவு என்று அளக்கும் முதல் மதிப்பெண் அட்டவணைகளும் அவர் குழுவுடையவை. நூலுக்காகத் திரட்டிய வரிசைகளை ஒப்பிட்டதில் கிடைத்தவை அவை. ஆனால் அந்தக் காலத்து சோதனை அறிவியலாளர்கள் பலருக்கு, பிறர் கண்டுபிடித்ததைத் தொகுப்பவர் என்றால் இளக்காரம்தான். நிதி போதாததால் அவர் நூலையும் தரவையும் விலைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. வாங்கியவர் மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்ல வேண்டியிருந்தது. 1982இல் டி.என்.ஏ. வரிசைகளுக்கான பொதுத் தரவுத்தளத்தை, அதுதான் ஜென்பேங்க், அமைக்கும் ஒப்பந்தம் அவருக்குக் கிடைக்காமல் லாஸ் அலமோஸ் குழுவுக்குப் போனது. எல்லாருக்கும் தடையின்றிக் கொடுப்போம் என்று அவர்கள் உறுதி சொன்னது ஒரு முக்கியக் காரணம். அந்த முடிவு அறிவியலுக்கு நல்லதாகவே அமைந்தது. அதை மறுக்க மாட்டேன். ஆனாலும், முன்மாதிரி இல்லாத ஒரு வேலையைத் தொடங்கி நடத்தியவரை விற்றுப் பிழைக்க வேண்டிய நிலையில் வைத்துவிட்டு, விற்றதையே குறையாகச் சொன்ன அமைப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். அடுத்த ஆண்டு, 57 வயதில், அவர் காலமானார்.

அது பழைய கதை, இன்று அப்படி இல்லை என்று சொல்ல முடியுமா? இன்றைய ஏணியைப் பாருங்கள். பி.எச்டி., அதன்பின் போஸ்ட்டாக், அதன்பின் சொந்த ஆய்வுக்கூடம். ஒவ்வொரு படிக்கும் கேட்கப்படுவது, எந்த இதழில் எத்தனை கட்டுரை, அதில் உன் பெயர் முதலிலா கடைசியிலா என்பதுதான். மென்பொருளை முதலில் வெளியிடும்போது ஒரு கட்டுரை கிடைக்கும். அடுத்த பத்தாண்டு அதில் வரும் பிழைகளைத் திருத்தி, புதுக் கணினிகளுக்கு ஏற்ப மாற்றி, உலகெங்கிலும் இருந்து வரும் ஐயங்களுக்குப் பதில் எழுதுவதற்கு எதுவும் கிடைக்காது. இத்தனைக்கும் இந்தக் கருவிகளை யாரும் பயன்படுத்தவில்லை என்று சொல்ல முடியாது. அறிவியல் வரலாற்றில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளை நேச்சர் இதழ் 2014இல் பட்டியலிட்டபோது, வரிசைகளை அடுக்கும் கிளஸ்டல் டபிள்யூ பத்தாவது இடத்திலும், வரிசைகளைத் தேடும் பிளாஸ்ட் பன்னிரண்டாவது இடத்திலும் இருந்தன. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைச் சொன்ன கட்டுரை அந்த நூறில் இல்லை. பிளாஸ்ட் இன்றும் நலமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை வைத்திருக்கும் அமெரிக்கத் தேசிய உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையம் 1988இல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட அரசு அலுவலகம். அங்கே இதற்கென்றே நிலையான பணியாளர்கள் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஏற்பாடு இல்லாத இடங்களில் நடந்ததையும் பார்க்க வேண்டும். ஆமோஸ் பைரோக் 1986இல் ஸ்விட்சர்லாந்தில் தொடங்கிய ஸ்விஸ்-ப்ராட், புரதங்களைப் பற்றிய நம்பகமான பதிவேடு. பத்தாண்டில் உலகமே அதைச் சார்ந்திருந்தது. 1996இல் நிதி நின்று மூடும் நிலைக்கு வந்தது; உலகெங்கிலும் இருந்து ஆய்வாளர்கள் குரல் எழுப்பிய பிறகே பிழைத்தது. அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் 1998இல் வந்த ஸ்விஸ் உயிர்த்தகவலியல் நிறுவனம். தாவர உயிரியலின் அடிப்படைத் தரவுத்தளமான டேர், அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் மரபணுக்களைப் பற்றியது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியதால், 2013க்குப் பின் அது சந்தா வாங்கித்தான் ஓடுகிறது. பழ ஈக்களின் மரபணுத் தரவுத்தளமான ஃப்ளைபேஸ், 2025இல் ஹார்வர்டுக்கான அரசு நிதி நின்றபோது ஆட்களை இழந்து நன்கொடை கேட்கும் நிலைக்கு வந்தது. மூன்றிலும் வேலையின் தரத்தில் யாரும் குறை காணவில்லை. மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுக் கண்டுபிடிப்பைக் காட்டி வாங்க வேண்டிய நிதியை நம்பி, என்றென்றைக்கும் நடக்க வேண்டிய வேலையை வைத்ததுதான் கோளாறு. ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்திலும் பணியாளர்களில் பெரும்பாலோர் ஒன்பது ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நெடுங்கால விதி. பயிற்சி பெற்றவர்கள் உறுப்பு நாடுகளுக்குத் திரும்பிப் போய்ப் பயன்பட வேண்டும் என்ற நல்ல நோக்கம் அதற்கு உண்டு. ஒரு தரவுத்தளத்தின் நுணுக்கங்களை உள்ளும் புறமும் அறிந்த ஒருவருக்கு அந்த விதி பொருந்துமா என்பது வேறு கேள்வி.

இதற்கு எதிராக முதலில் வரும் வாதம்: இதெல்லாம் சேவைப் பணி, ஆராய்ச்சி ஆகாது, நூலகரையும் மின்பணியாளரையும் மதிக்கிறோம், அதற்காக அவர்களைப் பேராசிரியர் ஆக்குவதில்லையே. இந்த வாதம் வலுவாகத் தெரிவதற்குக் காரணம், சரிபார்ப்பது என்றால் பட்டியலைப் பார்த்து டிக் அடிப்பது என்ற எண்ணம். உண்மையில் ஒரு தரவு சரியா என்று சொல்ல, அந்த உயிரியலைப் பற்றித் தீர்ப்பு சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஒரு குழு, மருந்துகளைச் செல்லிலிருந்து வெளியேற்றும் புரதங்களின் கட்டமைப்புகளை 2001 முதல் முதன்மை இதழ்களில் வெளியிட்டது. 2006இல் வேறு ஒரு குழு உறவுப் புரதம் ஒன்றின் கட்டமைப்பை வெளியிட்டபோது இரண்டும் ஒத்துப்போகவில்லை. தேடிப் பார்த்ததில், முதல் குழு பயன்படுத்திய நிரல் ஒன்று தரவின் இரண்டு பத்திகளை இடம் மாற்றிப் படித்துவிட்டது தெரிந்தது. புரதமே கண்ணாடியில் பார்த்தது போல வலம் இடமாக மாறிவிட்டது. ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. யாரும் வேண்டுமென்று செய்த தவறு அல்ல. சில வரி நிரலைப் பார்த்துச் சொல்ல அந்த ஏற்பாட்டில் யாருக்கும் பொறுப்பு இல்லை, அவ்வளவுதான்.

டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் கனமானது. எந்தப் புற்றுநோய்க்கு எந்த மருந்து வேலை செய்யும் என்று மரபணுச் செயல்பாட்டிலிருந்து சொல்ல முடியும் என்று 2006இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த கட்டுரையை ஒட்டி நோயாளிகளிடம் மூன்று மருத்துவச் சோதனைகள் தொடங்கின. டெக்சாஸில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ப்ஸும் அந்தத் தரவை மறுபடி கணக்கிட்டுப் பார்த்தார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரிசை தள்ளி இருந்தது. மருந்துக்கு வசப்படும் செல், வசப்படாத செல் என்ற குறிகள் சில இடங்களில் தலைகீழாக இருந்தன. அவர்களுடைய மறுப்பை மருத்துவ இதழ்களில் வெளியிடுவது எளிதாக இல்லை. 2009இல் ஒரு புள்ளியியல் இதழில்தான் விரிவாக வந்தது. 2010இல் சோதனைகள் நின்றன. அடுத்த ஆண்டு கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பிறருடைய கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்த அந்த இருவரின் உழைப்பு சேவையா ஆராய்ச்சியா என்று அந்த நோயாளிகளிடம் கேட்க வேண்டும். நான் ஆராய்ச்சி என்பேன். மிக உயர்ந்த வகை ஆராய்ச்சி என்றே சொல்வேன்.

இந்த இடத்தில் சென்னையை நினைக்காமல் இருக்க முடியாது. ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பினால் அணுவோடு அணு மோதும் என்று காட்டுவது. இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற அளவுகளை அவர்கள் ஊகிக்கவில்லை; அதுவரை வெளிவந்த படிகக் கட்டமைப்புகளை அலசித் தொகுத்து எடுத்தார்கள். மேசைக் கணக்குப் பொறியில் கோணம் கோணமாகக் கணக்குப் போட்டார்கள். பிறர் வெளியிட்ட தரவைச் சேர்த்து, கணக்கிட்டு, புதிய உண்மையைச் சொல்வதுதான் தரவு சார்ந்த உயிரியல் என்றால், சென்னை அதை அந்தப் பெயர் பிறக்கும் முன்பே செய்துவிட்டது. இன்று பி.டி.பி.க்கு வரும் ஒவ்வொரு புரதக் கட்டமைப்பின் சரிபார்ப்பு அறிக்கையிலும் ராமச்சந்திரன் வரைபடத்துக்கு வெளியே விழும் கோணங்கள் எத்தனை என்று ஒரு கணக்கு இருக்கும். தரவைச் சோதிக்கும் கருவி ஒன்று அறிவியலின் பெரும் கண்டுபிடிப்பாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வாதம் இன்றைய காலத்துக்கு உரியது: இந்தத் துப்புரவு வேலையையெல்லாம் செயற்கை நுண்ணறிவே செய்துவிடும், இதற்கு ஆள் எதற்கு? ஒரு பகுதியைச் செய்யும், செய்யட்டும். ஆனால் இயந்திரத்தை நம்பி விட்ட இடங்களில் நடந்தது பதிவாகி இருக்கிறது. யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் மனிதர் படித்துச் சரிபார்த்த பகுதி ஏறத்தாழ ஐந்தே முக்கால் லட்சம் பதிவுகள்; இயந்திரம் தானாகப் பெயரிட்ட பகுதி பல கோடி. 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள், செயல்பாடு நன்கு தெரிந்த சில நொதிக் குடும்பங்களை எடுத்து, தரவுத்தளங்கள் அவற்றுக்குச் சரியான பெயர் கொடுத்திருக்கின்றனவா என்று பார்த்தார்கள். மனிதர் சரிபார்த்த ஸ்விஸ்-ப்ராட்டில் பிழை மிகக் குறைவு. தானியங்கிப் பகுதிகளில் சில குடும்பங்களில் பாதிக்கு மேல் தவறு. ஒரு புரதத்துக்குத் தவறான பெயர் வைத்தால், அதைப் போலவே இருக்கும் அடுத்த புரதத்துக்கும் இயந்திரம் அதே பெயரை வைக்கும். தவறு குடும்பம் குடும்பமாகப் பரவும். இன்னும் எளிய எடுத்துக்காட்டு எக்செல். மார்ச்-1, செப்ட்-1 என்று மரபணுப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதி என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடும். எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியலை இணைத்து வெளிவந்த கட்டுரைகளில் ஐந்தில் ஒரு பங்கில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. முடிவில் 2020இல், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றியது. இயந்திரம் எங்கே தவறும் என்று அறிந்து முன்கூட்டியே வழியை மாற்றுகிற அந்த அறிவு, இயந்திரம் பெருகப் பெருக இன்னும் அதிகம் தேவைப்படும்.

பணம் பற்றிய வாதம் நியாயமானது. ஆராய்ச்சிப் பணம் அளவானது. பராமரிப்புக்கு ஒதுக்கினால் புதுக் கண்டுபிடிப்புக்குக் குறையும். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கட்டமைப்பை மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்கச் சராசரியாக ஒரு லட்சம் டாலர் ஆகும் என்று பி.டி.பி.யை நடத்துவோர் மதிப்பிடுகிறார்கள். இரண்டு லட்சம் கட்டமைப்புகள் என்றாலே 2,000 கோடி டாலர். அதைக் காப்பாற்ற ஆகும் ஆண்டுச் செலவு அதில் மிகச் சிறிய பங்கு. ஏரி வெட்டியவன் பெயரைக் கல்லில் பொறித்துவிட்டுக் குடிமராமத்தைக் கைவிட்ட ஊரில் மழை பெய்தும் நீர் நிற்காது. உயிரியலில் தரவு உண்டாக்குவதற்குக் கோடிகள் கிடைக்கின்றன. ஒரு மனித மரபணுத் தொகுதியைப் படிக்க முதல் தடவை ஏறத்தாழ 300 கோடி டாலர் ஆன செலவு இன்று சில நூறு டாலருக்கு வந்துவிட்டது. எனவே தரவு இன்னும் பெருகும். பேணும் ஆள் மட்டும் பெருகவில்லை.

சில இடங்களில் மாற்றம் தொடங்கியிருக்கிறது. 2012இல் பிரிட்டனில் ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்ற பெயர் பிறந்து, பல பல்கலைக்கழகங்களில் அந்தப் பெயரிலேயே நிலையான குழுக்கள் வந்துவிட்டன. 2013 முதல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, விண்ணப்பத்தில் கட்டுரைகளோடு தரவுத் தொகுப்பையும் மென்பொருளையும் ஆய்வாளரின் சாதனையாகக் குறிப்பிட இடம் கொடுத்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சொந்த ஆய்வுக்கூடம் நடத்தாத வல்லுநர்களுக்கென்றே 2016 முதல் ஒரு நிதி வைத்திருக்கிறது. ஒரு பேராசிரியரின் நிதி முடிந்தாலும் அவர்கள் வேலையில் நீடிக்கலாம். ஸ்வீடனில் வாலன்பர்க் அறக்கட்டளை 2020இல் தரவு சார்ந்த உயிர் அறிவியலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு 310 கோடி குரோனர் கொடுத்தது. இளம் ஆய்வுத் தலைவர்களை நியமிப்பதோடு தரவு மையத்தையும் அந்தத் திட்டத்துக்குள்ளேயே வைத்தார்கள். நாடு முழுவதும் உள்ள ஆய்வுக்குழுக்களுக்குத் துணை நிற்கும் தேசிய உயிர்த்தகவலியல் பணியாளர் அமைப்பு ஒன்றும் அங்கே ஏற்கெனவே இருந்தது. பன்னிரண்டு ஆண்டு என்ற கால அளவே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தரவு சார்ந்த வேலை மூன்றாண்டில் முடிவதில்லை என்பதை நிதி கொடுப்பவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

இந்தியாவுக்கு இந்தக் கேள்வி இப்போதுதான் உண்மையில் வந்து நிற்கிறது. உயிர்த்தொழில்நுட்பத் துறை 1980களிலேயே உயிர்த்தகவல் மையங்களின் வலையமைப்பைத் தொடங்கியது. உலகில் முன்னோடி முயற்சி அது. தமிழ்நாட்டில் 2000களின் தொடக்கத்தில் கல்லூரிகள் பல பயோஇன்ஃபர்மேடிக்ஸ் படிப்பைத் தொடங்கின. படித்தவர்களில் எத்தனையோ பேர் வேலை இல்லாமல் மென்பொருள் நிறுவனங்களுக்குப் போனார்கள். குறை படிப்பில் மட்டும் இல்லை. படித்தவர் போய் உட்கார நாற்காலி எங்கும் இல்லை. 2022இல் ஃபரீதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் திறக்கப்பட்டது. அரசு நிதியில் உண்டாகும் தரவை அங்கே பதிய வேண்டும் என்று அதற்கு முந்தைய ஆண்டே நெறிமுறை வந்தது. ஜீனோம் இந்தியா திட்டத்தில் திரட்டிய 10,000 பேரின் மரபணுத் தரவை 2025 ஜனவரியில் அந்த மையத்தின் வழியாக ஆய்வாளர்களுக்குத் திறந்தார்கள். பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் நம் ஆய்வு நிறுவனங்களில் கணினி உயிரியல் செய்பவர்களில் பெரும்பகுதி திட்டப் பணியாளர்கள். திட்டம் முடியும் நாளில் ஒப்பந்தமும் முடியும். இளநிலை ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023இலிருந்து மாதம் 37,000 ரூபாய். அதே திறமைக்குப் பெங்களூரில் ஒரு மருந்து நிறுவனமோ மென்பொருள் நிறுவனமோ எவ்வளவு கொடுக்கும் என்பது மாணவருக்குத் தெரியும். கட்டடமும் சர்வர்களும் ஒருமுறை வாங்கினால் போதும். ஒரு நோயாளிக் குழுவின் தரவில் ஏன் இந்த மூன்று மாதிரிகள் மட்டும் விலகி நிற்கின்றன என்று சொல்லத் தெரிந்த ஆளை ஆண்டுதோறும் வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

மாணவர் ஒருவர் கேட்கலாம்: நீங்களே படி இல்லை என்கிறீர்கள், பிறகு நான் ஏன் வர வேண்டும்? தரவைப் பேணுவதையே தொழிலாகக் கொள் என்று இன்றைய நிலையில் ஓர் இளைஞருக்குச் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. கட்டுரை இல்லாமல் அவரால் அடுத்த வேலைக்குப் போக முடியாது. ஆகவே கட்டுரைகள் எழுதுங்கள். கூடவே உயிரியலில் ஒரு மூலையையாவது, ஒரு நொதிக் குடும்பமோ ஒரு நுண்ணுயிரோ, நூலில் படித்தது போதாது என்று ஆழமாக அறிந்துகொள்ளுங்கள். புள்ளியியலை அடிப்படையிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். அந்த மாதிரி சொல்லும் விடை உயிரியலில் சாத்தியமா என்று சொல்லத் தெரிந்தவர்கள் எங்கும் குறைவு. அந்தத் திறன் மருத்துவமனையிலும் மருந்து நிறுவனத்திலும் வேளாண் ஆய்விலும் செல்லும். பி.எச்டி.க்கோ போஸ்ட்டாக்குக்கோ ஓர் ஆய்வுக்கூடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் சில கேள்விகளை நேரடியாகக் கேளுங்கள். ஐந்தாண்டுக்கு முன் இங்கே எழுதிய நிரல் இன்று ஓடுமா? அதை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்? தரவைத் தயார் செய்தவரின் பெயர் கட்டுரையில் எங்கே வருகிறது? பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில் உங்கள் உழைப்புக்கும் அதே கதிதான்.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது இன்னும் நேரடியானது. ஒவ்வொரு பெரிய தரவுத் திட்டத்தின் நிதியிலும் பேணும் பணிக்கென்று ஒரு பங்கைத் திட்டம் முடிந்த பின்னும் தொடரும்படி ஒதுக்க வேண்டும். ஐ.ஐ.டி.யோ ஐ.ஐ.எஸ்.சி.யோ சென்னையின் கிண்டி வளாகமோ, தரவு அறிவியலாளர், ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்று நிலையான பதவிகளை, பதவி உயர்வு விதிகளோடு, ஆசிரியப் பதவிகளுக்கு இணையான ஊதிய நிலையில் உருவாக்க வேண்டும். அந்தப் பதவி உயர்வுக்கு, அவர் பேணிய தரவை யார் யார் பயன்படுத்தி என்ன கண்டார்கள், அவர் பிடித்த பிழைகள் எவை என்பதையே சான்றாக ஏற்க வேண்டும். ஜீனோம் இந்தியாவின் 10,000 பேர் தரவில் இந்தியர்களுக்கே உரிய மரபணு மாறுபாடுகள் இருக்கின்றன. அவற்றுள் எது நோயோடு தொடர்புடையது என்பது பத்தாண்டுகளில் பலமுறை திருத்தி எழுதப்படும். 2035இல் அந்தத் திருத்தங்களை எழுதப்போகிறவருக்கு இன்று வயது பதினைந்தோ இருபதோ இருக்கும். அவருக்கான பணி நியமன விதியை இப்போதே எழுதத் தொடங்கலாம்.